மாறுவது 'போ' மட்டும்தான்: பிரெஞ்சின் அண்மை எதிர்காலம்

இன்னும் மூன்று வாரத்தில் பிரெஞ்சு முதல் நிலைத் தேர்வு எழுதவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "'நாளை ரயில் பிடிக்கப் போகிறேன்' என்பதற்கு 'ஜெ வே ப்ரான் லெ த்ரேன் தெமேன்' என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். 'ப்ராந்த்ர்' என்ற வினைக்கு 'ஜெ'யுடன் 'ப்ரான்' என்றுதானே வரும்? அண்மை எதிர்காலத்துக்கு ஒவ்வொரு வினைக்கும் தனியாக ஆறு வடிவங்கள் மனப்பாடம் செய்ய வேண்டுமா? இதற்கும் 'ஃப்யூத்யூர் ஸேம்ப்ல்' என்கிற மற்றோர் எதிர்காலத்துக்கும் என்ன வேறுபாடு?"

மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆனால் முதல் இரண்டும் ஒரே கேள்விதான். இரண்டு வினைகள் அடுத்தடுத்து நிற்கும்போது எது ஆளுக்கேற்ப மாறுகிறது, எது அப்படியே நிற்கிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. இதற்கு ஐயத்துக்கு இடமில்லாத விடை உண்டு. மூன்றாவது கேள்விக்கு அப்படி ஒரு விடை கிடையாது. பாடநூல்கள் உண்டென்பதுபோல் எழுதினாலும் கிடையாது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் பேசும் மாணவர்களுக்குப் பிரெஞ்சு கற்பித்து வருகிறேன். நீங்கள் எழுதிய அதே வாக்கியத்தை அதே பிழையோடு ஆண்டுதோறும் பார்க்கிறேன். பிழை செய்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். 'ஜெ' வந்தால் வினை மாற வேண்டும் என்ற விதியை மிக ஒழுங்காகப் படித்தவர்கள்தான் இந்தப் பிழையைச் செய்கிறார்கள்.

தொடங்குமுன் ஒன்று: பிரெஞ்சுச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். அது ஒலிக்கு ஓரளவு நெருக்கமானதே தவிரத் துல்லியமானதன்று. எழுத்துக்கூட்டலை உங்கள் பாடநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சு படிக்கிறீர்கள் என்று உங்கள் கேள்வியின் நடையிலிருந்தே தெரிகிறது. பெரும்பாலோர் அப்படித்தான் படிக்கிறார்கள். இந்த ஒரு பாடத்தில் மட்டுமாவது ஆங்கிலத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தமிழில் நீங்கள் எழுதிய வாக்கியத்தையே உற்றுப் பாருங்கள். 'பிடிக்கப் போகிறேன்.' இதில் இரண்டு வினைகள் இருக்கின்றன. 'பிடிக்க' என்பது பள்ளியில் படித்த 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம். அது யாருக்காகவும் மாறாது. பிடிக்கப் போகிறேன், பிடிக்கப் போகிறாய், பிடிக்கப் போகிறாள், பிடிக்கப் போகிறோம், பிடிக்கப் போகிறீர்கள், பிடிக்கப் போகிறார்கள். ஆறு பேருக்கும் 'பிடிக்க' ஒன்றேதான். ஆளுக்கேற்ப ஆடுவது 'போ' மட்டும். அதுவும் எந்தக் காலத்தில் நிற்கிறது? நிகழ்காலத்தில். நாளை நடக்கப்போவதைச் சொல்கிறோம், வினையோ 'போகிறேன்'. யாரும் 'பிடிக்கிறேன் போகிறேன்' என்று சொல்வதில்லை. நீங்கள் எழுதிய 'ஜெ வே ப்ரான்' என்பது பிரெஞ்சுக்காரர் காதில் ஏறத்தாழ அப்படித்தான் விழும்.

பிரெஞ்சின் அண்மை எதிர்காலம், அதாவது 'ஃப்யூத்யூர் ப்ரோஷ்', இதே அச்சில் வார்த்தது. 'அலே' என்றால் போ. அதை நிகழ்காலத்தில் ஆளுக்கேற்ப மாற்றுங்கள். அதன்பின் செய்யப்போகும் வினையை அகராதியில் இருக்கும் வடிவத்திலேயே, ஓர் எழுத்தையும் தொடாமல் வையுங்கள். நான் என்றால் 'ஜெ வே ப்ராந்த்ர்'. நீ என்றால் 'த்யூ வா ப்ராந்த்ர்'. அவன் 'இல் வா ப்ராந்த்ர்', அவள் 'எல் வா ப்ராந்த்ர்'. நாம் அல்லது நாங்கள் என்றால் 'நூஸலோன் ப்ராந்த்ர்'. நீங்கள் 'வூஸலே ப்ராந்த்ர்'. அவர்கள் 'இல் வோன் ப்ராந்த்ர்', எல்லோரும் பெண்கள் என்றால் 'எல் வோன் ப்ராந்த்ர்'. இவ்வளவுதான். உங்கள் வாக்கியம் 'ஜெ வே ப்ராந்த்ர் லெ த்ரேன் தெமேன்' என்று இருந்திருக்க வேண்டும்.

ஆகவே மனப்பாடம் செய்ய வேண்டியவை ஒவ்வொரு வினைக்கும் ஆறு அல்ல. பிரெஞ்சு மொழி முழுவதற்கும் சேர்த்தே ஆறுதான்: வே, வா, வா, அலோன், அலே, வோன். இதற்கு விலக்கே இல்லை. 'ப்ராந்த்ர்' நிகழ்காலத்தில் எவ்வளவு முரண்டு பிடிக்கும் வினை என்பது உங்களுக்குத் தெரியும்: ப்ரான், ப்ரெனோன், ப்ரெனே, ப்ரென் என்று முகம் மாறிக்கொண்டே இருக்கும். அண்மை எதிர்காலத்தில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. இரு என்னும் 'ஏத்ர்', உடைமையைச் சொல்லும் 'அவ்வார்', செய் என்னும் 'ஃபேர்' ஆகிய மூன்றும் மற்ற காலங்களில் மாணவரை அழவைப்பவை. இங்கே அவையும் அகராதி வடிவத்தில் அமைதியாக நிற்கும். 'போ'வும் அப்படித்தான்: 'ஜெ வே அலே' என்றால் போகப் போகிறேன். ஒரே வினை இருமுறை வருகிறதே என்று தயங்க வேண்டாம். தமிழிலும் இருமுறைதான் சொல்கிறோம்.

எழுதும்போது கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. 'த்யூ'வுடன் வரும் 'வா'வின் இறுதியில் ஒலிக்காத ஓர் எஸ் எழுத்து இருக்கிறது. 'இல்', 'எல்', பேச்சில் 'நாம்' என்ற பொருளில் வரும் 'ஓன்' ஆகியவற்றுடன் வரும் 'வா'வில் அது இல்லை. காதுக்கு இரண்டும் ஒன்றே என்பதால் கைதான் நினைவில் வைக்க வேண்டும். அடுத்தது இதைவிடப் பெரிய சிக்கல். சாப்பிடு என்னும் 'மான்ஜே'யை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதி வடிவத்தின் இறுதியில் ஈ, ஆர் என்ற எழுத்துகள். 'சாப்பிட்ட' என்ற இறந்தகால எச்சத்தின் இறுதியில் மேற்குறி இட்ட ஈ. 'வூ'வுடன் வரும் நிகழ்காலத்தின் இறுதியில் ஈ, ஸெட். மூன்றும் காதில் 'மான்ஜே' என்றேதான் விழும். பிரான்சில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே இதில் தடுமாறுகிறார்கள். அவர்களுடைய பள்ளிகளில் ஓர் உத்தி சொல்லித் தருவார்கள்: ஐயம் வந்தால் அந்த இடத்தில் விற்பனை செய் என்னும் 'வாந்த்ர்' வினையை வைத்துச் சொல்லிப் பார். 'ஜெ வே வாந்த்ர்' என்று காது ஏற்றுக்கொண்டால் அங்கே அகராதி வடிவம்தான் எழுத வேண்டும். 'வாந்த்யூ' என்றுதான் வருகிறது என்றால் இறந்தகால எச்சம். அண்மை எதிர்காலத்தில் எப்போதும் 'வாந்த்ர்'தான் பொருந்தும். ஆகவே எப்போதும் ஈ, ஆர்.

ஒலியைப் பற்றி ஒரு சொல். 'இல் வா' என்றால் அவன்; 'இல் வோன்' என்றால் அவர்கள். 'இல்' என்பதில் ஒருமை பன்மை வேறுபாடு காதுக்குத் தெரியாது. 'வா', 'வோன்' என்ற வேறுபாடு ஒன்றே வழிகாட்டும். இந்த 'வோன்' என்பதை நான் எழுதியிருப்பதுபோல் நாக்கை மேலே ஒட்டி 'ன்' என்று முடித்துவிடாதீர்கள். வீட்டில் பேசும்போது 'மரம்', 'பணம்' என்ற சொற்களை எப்படி முடிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தில் 'ம்' இருந்தாலும் பேச்சில் உதடு மூடுவதில்லை. ஓகாரம் போன்ற ஓர் உயிர் மூக்கு வழியாகக் கரைந்து போகிறது. 'வோன்', 'அலோன்' ஆகியவற்றின் இறுதி ஒலி ஏறக்குறைய அதுதான். மூக்கொலி உயிர்கள் தமிழருக்கு வராது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நாள் முழுவதும் நம் வாயில் வந்துகொண்டிருப்பது நமக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை.

இனி எதிர்மறை. 'நெ', 'பா' என்ற இரண்டு துண்டுகள் வினையின் இரு பக்கமும் நிற்கும் என்று படித்திருப்பீர்கள். எந்த வினையின் இரு பக்கமும்? மாறுகிற வினையின். அதாவது 'அலே'யின். 'ஜெ நெ வே பா ப்ராந்த்ர் லெ த்ரேன்.' தமிழிலும் மறுப்பு 'போ'வின்மேல்தான் ஏறுகிறது: பிடிக்கப் போவதில்லை. 'பிடிக்காமல் போகப் போகிறேன்' என்றால் அது வேறு பொருள். 'பா'வுக்குப் பதில் 'ஒன்றும்' என்ற பொருளில் 'ரியேன்' வந்தாலும், 'இனிமேல் இல்லை' என்ற பொருளில் 'ப்ள்யூ' வந்தாலும் இடம் அதேதான்: 'ஜெ நெ வே ரியேன் மான்ஜே', ஒன்றும் சாப்பிடப் போவதில்லை. ஆனால் 'ஒருவரையும்' என்ற பொருளில் 'பெர்ஸொன்' வந்தால் அது கடைசிக்குப் போய்விடும்: 'ஜெ நெ வே வ்வார் பெர்ஸொன்', யாரையும் பார்க்கப் போவதில்லை. முதல் நிலைத் தேர்வில் இதைக் கேட்பது அரிது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் பேசும்போது 'நெ'யை விழுங்கிவிட்டு 'ஜ்வே பா மான்ஜே' என்று ஓடுவதைக் கேட்பீர்கள். கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள்; தேர்வுத் தாளில் 'நெ'யை எழுதுங்கள்.

செயப்படுபொருளுக்கு வரும் சிறு சொற்கள், அதாவது 'அதை', 'அவனுக்கு', 'எனக்கு' போன்றவை, எங்கே நிற்கும் என்பது அடுத்த இடறல். அவை இரண்டு வினைகளுக்கும் நடுவில், அகராதி வடிவத்துக்குச் சற்று முன்னால் நிற்கும். 'ஜெ வே லெ ப்ராந்த்ர்', அதை எடுக்கப் போகிறேன். 'ஜெ வே லுயி பார்லே', அவனிடம் பேசப் போகிறேன். 'ஜெ லெ வே ப்ராந்த்ர்' என்று முன்னால் இழுப்பது பிழை. காரணம் எளிது: 'அதை' என்பது எடுப்பதற்குரிய பொருள்; போவதற்குரியதன்று. எந்த வினைக்கு உரியதோ அந்த வினையோடு ஒட்டிக்கொள்கிறது. தன்னைத்தானே குறிக்கும் வினைகளிலும் இதே ஒழுங்கு. எழுந்திருப்பதைச் சொல்லும் 'ஸெ லெவே' என்பதில், அகராதி வடிவம் மாறாது என்று நான் சொன்னதை நம்பி 'ஜெ வே ஸெ லெவே' என்று எழுதிவிடுவார்கள். வினை மாறாது, முன்னால் நிற்கும் 'ஸெ' மாறும். 'ஜெ வே மெ லெவே', 'த்யூ வா தெ லெவே', 'நூஸலோன் நூ லெவே.' மேலே விலக்கே இல்லை என்றேனே, அதற்கு இது முரணன்று. 'ஸெ' வினையின் பகுதி அன்று. ஆளைக் குறிக்கும் சொல்.

கேள்வி வாக்கியங்களில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. 'எஸ்கெ' என்பதை முன்னால் வைத்து 'எஸ்கெ த்யூ வா ப்ராந்த்ர் லெ த்ரேன்?' என்று கேட்கலாம். அல்லது 'வா த்யூ ப்ராந்த்ர்?' என்று 'அலே'யையும் எழுவாயையும் இடம் மாற்றலாம். 'இல்', 'எல்' வந்தால் நடுவில் ஒரு 'த்' ஒலி நுழைந்து 'வாதில்', 'வாதெல்' என்றாகும்.

ஆங்கிலத்தைத் தள்ளி வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த அமைப்பில் 'இரு' வினையும் சேர்ந்து வரும். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'ஜெ ஸ்வி அலே மான்ஜே' என்று எழுதும் மாணவர்கள் பலர். அது பிழையான வாக்கியமாக இருந்திருந்தால் தீங்கில்லை; யாராவது திருத்துவார்கள். ஆனால் காதுக்கு அது முழுமையான, சரியான வாக்கியம். பொருள்தான் தலைகீழ்: 'சாப்பிடப் போனேன்', அதாவது போய்ச் சாப்பிட்டேன். எதிர்காலம் சொல்ல நினைத்து இறந்தகாலம் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் ஏன் குழம்புகிறார் என்று தெரியாமல் நிற்பார்கள். தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் 'இரு' எங்கிருந்தும் வந்திருக்காது.

இங்கே ஓர் அழகான நுட்பம் இருக்கிறது. தமிழில் 'சொல்லப் போனேன்' என்றால் இரண்டு பொருள் கொள்ளலாம்: சொல்வதற்காக ஓரிடத்துக்குப் போனேன் என்பது ஒன்று; சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ஏதோ நடந்துவிட்டது என்பது மற்றொன்று. பிரெஞ்சு இந்த இரண்டையும் இரண்டு இறந்தகாலங்களால் பிரித்துவிடுகிறது. போய் வந்ததைச் சொல்ல மேலே கண்ட 'ஜெ ஸ்வி அலே' வடிவம். சொல்ல இருந்ததைக் குறிக்க, தொடர் இறந்தகாலத்தில் 'ஜலே': 'ஜலே தீர்', சொல்ல இருந்தேன். நிகழ்காலத்தில் மட்டும் பிரெஞ்சும் தமிழைப் போலவே ஈரடியாக நிற்கிறது. 'ஜெ வே மான்ஜே' என்பதற்குச் சாப்பிடுவதற்காக நடந்துகொண்டிருக்கிறேன் என்றும் பொருள். இன்னும் சற்று நேரத்தில் சாப்பிடுவேன் என்றும் பொருள். சூழல்தான் சொல்லும்.

தமிழ் இவ்வளவு தூரம் கைபிடித்து அழைத்து வருகிறது என்பதற்காக, எல்லா இடத்திலும் அதைப் பின்தொடரலாம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சின் அண்மை எதிர்காலம் நம் 'போகிறேன்' என்பதைவிட அகலமானது. காப்பிக் கடையில் உட்கார்ந்து பணியாளரிடம் 'ஜெ வே ப்ராந்த்ர் அன் கஃபே' என்பது மிக இயல்பான, மரியாதையான பேச்சு. தமிழில் 'ஒரு காப்பி எடுக்கப் போகிறேன்' என்றால் கேட்பவர் திகைப்பார். 'ஒரு காப்பி கொடுங்கள்' என்போம். தொலைபேசி மணி அடிக்கிறது. 'நான் எடுக்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலம் போதும். பிரெஞ்சில் 'ஜெ வே ரெபோந்த்ர்' என்பார்கள். நம் 'வேண்டும்', 'முடியும்' ஆகியவை 'போ'வோடு எளிதில் சேர்வதில்லை. அங்கே 'ஜெ வே தெவ்வார் பார்தீர்' என்பது அன்றாடப் பேச்சு. நாமோ 'நான் புறப்பட வேண்டியிருக்கும்' என்று வேறு வழியில் போகிறோம். 'ஸா வா அலே' என்ற தொடரைத் தனியாகவே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் 'அது போகப் போகிறது'. பொருளோ 'எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதே.'

இப்போது ஐயத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். 'ஃப்யூத்யூர் ஸேம்ப்ல்' என்பது ஒற்றைச் சொல் எதிர்காலம்: 'ஜெ ப்ராந்த்ரே', எடுப்பேன், 'ஜெ மான்ஜெரே', சாப்பிடுவேன். பாடநூல்கள் பொதுவாகச் சொல்வது: விரைவில் நடப்பதற்கு அண்மை எதிர்காலம், தொலைவில் நடப்பதற்கு ஒற்றைச் சொல் எதிர்காலம். தேர்வுக்கு இந்த விதி உதவும், மறுக்கவில்லை. ஆனால் மொழி அப்படி நடக்கவில்லை. 'இன்னும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்' என்பதற்கு 'ஜெ ஸெரே லா தான் ஸேங்க் மினுயித்' என்று ஒற்றைச் சொல் வடிவில் சொல்வது முற்றிலும் இயல்பு. அதேபோல், சூரியன் இன்னும் ஐந்நூறு கோடி ஆண்டுகளில் அணையப் போகிறது என்பதை 'வா' போட்டுச் சொன்னால் எந்தப் பிரெஞ்சுக்காரரும் முகம் சுளிக்க மாட்டார். இந்த அமைப்பின் பெயரில் உள்ள 'ப்ரோஷ்', அதாவது 'அண்மை' என்ற சொல் கடிகாரத்தை அளப்பதன்று. பல மொழியியலாளர்கள் அந்தப் பெயரையே விட்டுவிட்டு, இரு சொல்லால் ஆன எதிர்காலம் என்ற பொருளில் 'ஃப்யூத்யூர் பெரிஃப்ராஸ்தீக்' என்றே அழைக்கிறார்கள்.

அப்படியானால் எதை அளக்கிறது? வகுப்பில் நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு இது. 'எல் வா அவ்வார் அனான்ஃபான்' என்றால் அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது: கருவுற்றிருக்கிறாள் என்று கேட்பவர் புரிந்துகொள்வார். 'எலோரா தேஸான்ஃபான்' என்றால் அவளுக்குக் குழந்தைகள் பிறப்பார்கள்: என்றாவது ஒருநாள் என்ற கணிப்பு அல்லது வாழ்த்து. முதலாவதில் வரப்போவதன் வேர் இப்போதே ஊன்றியிருக்கிறது. இரண்டாவதில் இன்றைக்கும் அன்றைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. மேகம் கறுத்து நிற்கிறது: 'இல் வா ப்ளெவ்வார்', மழை பெய்யப் போகிறது. பிள்ளை நாற்காலியின் விளிம்பில் நிற்கிறது: 'த்யூ வா தோம்பே', விழப் போகிறாய். இந்த இடங்களில் ஒற்றைச் சொல் எதிர்காலத்தைப் போட்டால் எச்சரிக்கையாக இராது. சோதிடம் சொல்வதுபோல் இருக்கும். 'விழப் போகிறாய்' என்பதற்கும் 'விழுவாய்' என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ்க் காதுக்கு உடனே பிடிபடும். என் கருத்தில் இதுதான் மையம்: இன்றோடு கட்டப்பட்டிருப்பது 'வே', இன்றிலிருந்து பிரிந்து நிற்பது 'ரே'. இது ஒரு சாய்வுதான், வேலி அன்று. ஒரே செய்தியை இரண்டு வடிவிலும் சொல்லக்கூடிய வாக்கியங்கள் ஆயிரம் உண்டு. அங்கே இரண்டும் சரிதான். 'அண்மை எதிர்காலம் என்றால் உறுதியானது, மற்றது ஐயமானது' என்று சிலர் கற்பிப்பதை மட்டும் நம்ப வேண்டாம். வாக்குறுதி கொடுக்கப் பிரெஞ்சில் பெரும்பாலும் ஒற்றைச் சொல் வடிவத்தைத்தான் நாடுகிறார்கள்.

இடத்துக்கு இடமும் மாறுகிறது. கனடாவின் கியூபெக் பேச்சில் உடன்பாட்டு வாக்கியங்களில் 'அலே' வடிவம் பெருமளவில் ஆள்கிறது. ஒற்றைச் சொல் எதிர்காலம் பெரும்பாலும் எதிர்மறை வாக்கியங்களில்தான் தங்கியிருக்கிறது. அந்த வழக்கு குறித்து ஆராய்ச்சிகள் படித்திருக்கிறேனே தவிர அங்கே வாழ்ந்ததில்லை. நான் மேலே சொன்ன சாய்வு, பிரான்சின் பேச்சையும் எழுத்தையும் வைத்துச் சொன்னது. கியூபெக் பக்கம் 'ஜெ வே' என்பதற்குப் பதில் 'ஜெ வா' என்று சொல்பவர்களையும் கேட்பீர்கள். அது அறியாமையால் வந்ததன்று. பழைய வடிவம் அங்கே பிழைத்திருக்கிறது. 1647-இல் வோஜ்லா என்ற இலக்கணக்காரர், படித்தவர்கள் 'வே' என்கிறார்கள், அரசவையோ 'வா' என்கிறது என்று பதிவு செய்திருக்கிறார். 1702-இல் இறந்த பூஊர் என்ற மற்றோர் இலக்கண அறிஞர் சாவுப் படுக்கையில், 'ஜெ வே, அல்லது ஜெ வா, மூரீர். இரண்டும் வழக்கில் உண்டு' என்றாராம். நான் சாகப் போகிறேன் என்பது அதன் பொருள். கதை உண்மையா என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அவர் வாயில் வைக்கப்பட்ட அந்தக் கடைசி வாக்கியம் நீங்கள் கேட்ட அண்மை எதிர்காலம்தான்.

ஒற்றைச் சொல் எதிர்காலமும் ஒரு காலத்தில் இரு சொல்லாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை மனப்பாடம் செய்யும் நாள் வரும்போது உதவும். இலத்தீன் பேச்சில் 'பாடுவதற்கு உடையேன்' என்ற பொருளில் 'கந்தாரே ஹபேயோ' என்றார்கள். இரண்டும் உருகி ஒட்டிக்கொண்டுதான் இன்றைய 'ஷாந்தெரே', பாடுவேன், பிறந்தது. அதனால்தான் அந்தக் காலத்தின் விகுதிகள் 'அவ்வார்' வினையின் நிகழ்காலத்தை அப்படியே நினைவூட்டுகின்றன: ஏ, ஆ, ஆ, ஓன், ஏ, ஓன். ஸ்பானிய மொழியும் 'போ'வை வைத்தே எதிர்காலம் சொல்கிறது. ஆனால் அதன் பக்கத்து மொழியான கத்தலானில் 'போ'வின் நிகழ்காலத்தோடு அகராதி வடிவத்தைச் சேர்த்தால் வருவது இறந்தகாலம்! 'போ' எதிர்காலத்தைத்தான் காட்ட வேண்டும் என்பது எந்த இயற்கை விதியும் அன்று. தமிழும் பிரெஞ்சும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருப்பது, எனக்கு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வியப்பாகவே இருக்கிறது.

தேர்வுக்கு முன் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். 'ஆல்' என்ற பொருள் தரும் 'ஸி'க்குப் பின் எதிர்காலம் போடாதீர்கள். 'நீ வந்தால்' என்பது 'ஸி த்யூ வியேன்', நிகழ்காலம். இன்னொன்று தமிழருக்கே உரிய பிழை. 'தினமும் காலையில் காப்பி குடிப்பேன்' என்கிறோம். 'குடிப்பேன்' எதிர்கால வடிவம்; ஆனால் சொல்வது வழக்கத்தை. இதைப் பெயர்க்கும்போது எந்த எதிர்காலமும் வரக்கூடாது, நிகழ்காலம்தான் வரும். நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர்கள்கூட இங்கே விழுகிறார்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி. அட்டவணையை எழுதி எழுதிப் பார்ப்பதைவிட, இந்த மூன்று வாரமும் காலையில் ஒவ்வொரு வேலையைத் தொடங்கும் முன் அதை வாய்விட்டு அறிவியுங்கள். எழுமுன் 'ஜெ வே மெ லெவே'. குளிக்குமுன், சட்டை மாட்டுமுன், கதவைப் பூட்டுமுன் ஒவ்வொரு வாக்கியம். வீட்டில் வேறொருவர் ஏதாவது செய்யப் போவதைக் கண்டால் 'எல் வா', 'இல் வா'. இரண்டு பேர் என்றால் 'இல் வோன்'. வினையின் பொருள் தெரிந்தால் போதும். அதன் நிகழ்கால வடிவங்கள் தெரியாவிட்டாலும் வாக்கியம் சரியாகவே வரும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்வதற்குப் பிரெஞ்சுக்காரர்களிடமே ஒரு தொடர் இருக்கிறது: 'ஜெ வே இ அலே'. நாம் வாசலில் நின்று 'போய் வருகிறேன்' என்கிற இடத்தில் அவர்கள் சொல்வது அதுதான்.